தற்செயலாகச் சந்திக்கும் இடம்

அக்காவைப் பெண் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் மொன்றியலிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், அங்கே ஒரு பழைய கிராமத்தின் ஆற்றங்கரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்தோம். மற்றவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

எங்களில் பலர் பெண் பார்ப்பதை வீட்டில் வைப்பதில்லை. வீட்டுக்கு வந்து, றோல்ஸ் தின்று தேத்தண்ணியும் குடித்துவிட்டு, வேண்டாம் என்று போனால் அது பெண்ணின் பெயரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கோயிலிலோ, புடவைக் கடையிலோ, யாரோ ஒரு பெண் பெரியவளான சாமத்திய வீட்டிலோ இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்திப்பார்கள். விஷயத்தை யாரும் வாய் திறந்து சொல்லக்கூடாது. பிடித்திருந்தால் சம்பந்தம் பேசிக்கொடுத்தவர் மூலம் செய்தி வரும். பிடிக்காவிட்டால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை.

அக்காவின் பெயர் அஜந்தா. நான் சொல்வது 2004 ஆனி மாதம். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. மொன்றியலுக்கு வந்த புதிதில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்து அவளுக்குப் பிரெஞ்சு படிப்பித்தார்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு படித்தாள். பிறகு டிப்ளோமா முடித்து, பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கார்டெறியில், பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். மாப்பிள்ளை இருக்கும் லண்டனுக்குப் போனால் அந்தப் பிரெஞ்சையும் டிப்ளோமாவையும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"இதுதான் கடைசி. ஆள் மொன்றியலுக்கு வாறதெண்டால் கட்டுறன். இல்லாட்டி இல்லை. இதுக்குப் பிறகு என்னை ஒருத்தருக்கும் காட்டக்கூடாது" என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"அதையெல்லாம் முதலே கதைக்கிறதே? கட்டினாப் பிறகு எல்லாம் தன்ரைபாட்டிலை சரிவரும்" என்றார் அம்மா.

"ஆருக்குச் சரிவரும்?" என்று அக்கா கேட்டாள்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவன். டோர்வல் விமான நிலையத்துக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையல்கூடத்தில் இரவு வேலை செய்கிறேன். தட்டுகளை வண்டிகளில் அடுக்குவது. பகலில் தூங்குவேன். அப்பாவை டொக்டரிடம் கூட்டிப்போவது, பிரெஞ்சில் வரும் தொலைபேசிகளுக்குப் பதில் சொல்வது, பனிக்காலத்தில் வீட்டு வாசலில் பனி வெட்டுவது எல்லாம் அக்காதான். அவள் போனால் எல்லாம் என் தலையில் விழும். ஆகவே இந்தச் சம்பந்தம் சரிவரக்கூடாது என்றுதான் நான் நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அப்பாவுக்கு வேலையில் லீவு தரவில்லை. ஆம்பிளை ஒருவன் கூட வரவேண்டும் என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். விமானத்தில் எனக்கு வந்த தட்டைப் பார்த்தேன். எங்கள் கூடத்தில் அடுக்கியதுதான். சாப்பிடவில்லை.

லண்டனில் அம்மாவின் தங்கை செல்வமலர் சித்தி வீட்டில் தங்கினோம். மாப்பிள்ளையின் பெயர் கிருபாகரன். அவர்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சி ஆட்கள். பேசிக்கொடுத்தவர் விமலநாதன் என்று ஒருவர். சித்தப்பா தியாகலிங்கத்துக்கு அவரைத் தொலைபேசியில் மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை கனடாவுக்கு வருவார் என்று அவர்தான் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் படம் ஒன்று வந்திருந்தது. ஒரு சிநேகிதனின் கலியாணத்தில் தோழனாக நின்றபோது எடுத்தது. தலைப்பாகை நெற்றியை மூடியிருந்தது, முகத்தில் பவுடர், எதிரே பெரிய வெளிச்சம். அந்தக் கோலத்தில் எங்கள் ஆட்களில் எவனை நிறுத்தினாலும் அப்படித்தான் இருப்பான்.

இடத்தைத் தெரிவு செய்தது சித்தி.

"கோயிலிலை வைச்சால் விடியமுன்னம் லண்டன் முழுக்கத் தெரிஞ்சிடும். கடைத்தெருவும் அப்பிடித்தான். நான் ஒரு இடம் பார்த்திருக்கிறன். வெள்ளைக்காரர் மட்டும் போற கிராமம். அங்கை ஒரு தமிழ்ச்சனமும் வராது" என்றார்.

சித்தப்பா விமலநாதனிடம் சொன்னார். விமலநாதன் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆற்றங்கரை, சின்னப் பாலத்துக்குப் பக்கம். அவர்கள் தங்கள் வான் வண்டியில் வருவார்கள், நாங்கள் எங்கள் வண்டியில்.

காலையிலேயே புறப்பட்டோம். பெரிய சாலையை விட்டு இறங்கியதும் பாதை ஒடுங்கியது. இரண்டு பக்கமும் மரவேலி, அதற்கு அப்பால் புல்லும் செம்மறி ஆடுகளும். ஒரு பள்ளத்தில் இறங்கினோம். கிராமம் அங்கே இருந்தது.

வடிவான இடம்தான். அதை மறுக்க முடியாது. வீடெல்லாம் தேன் நிறத்துக் கல். கூரையும் கல் ஓடு. சில கூரைகளில் பாசி படர்ந்திருந்தது. கதவுகள் குனிந்து போகும் உயரத்தில் இருந்தன. ஒரு வாசலுக்கு மேலே ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் என்று ஆண்டு செதுக்கியிருந்தது. தெருவோரமாகவே ஆறு ஓடியது. ஆறு என்றால் முழங்கால் தண்ணீர். அதற்குக் குறுக்கே கைப்பிடி இல்லாத குட்டிக் கல்பாலங்கள். தேவாலயத்தின் பின்னால் சாய்ந்துபோன கல்லறைக் கற்கள். பிஸ்கட் ரின்னின் மூடியில் அச்சடிக்கும் படம் மாதிரி எல்லாம் இருந்தது. ஆனால் வீடுகளுக்குள் ஆட்கள் வசிக்கிறார்கள். ஒரு ஜன்னலை ஒட்டி நின்று யாரோ படமெடுக்க, உள்ளே இருந்த கிழவி எழுந்துவந்து திரையை இழுத்து மூடினாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவும் அதைப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையிலும் நிம்மதி இல்லை மனிசிக்கு" என்றாள்.

பாலத்துக்குப் பக்கத்தில் விரிப்புப் போட்டோம். சித்தி கூலரைத் திறந்தார். புரியாணி, கோழி, றோல்ஸ், வடை. பிளாஸ்கில் தேத்தண்ணி. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மணம் அவர்கள் பக்கம் போனது. ஒரு வாத்து மட்டும் கிட்ட வந்தது.

சித்தப்பா மொபைலை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பள்ளத்துக்குள்ளை சிக்னலும் இல்லை. அவையள் வழி மாறினால் எப்பிடித் தெரியும்?"

"வருவினம். பேசாமல் இருங்கோ" என்றார் சித்தி.

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். ஒரு அம்மா, அப்பா, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மகன். அந்த அம்மா சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மகன் கையில் கூலர். அவர்கள் பாலத்தடியில் நின்று எங்களைப் பார்த்தார்கள். தமிழ் முகங்களைக் கண்டதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்கள் தமிழோ?"

"ஓம் ஓம், வாங்கோ. இதிலை இருங்கோவன்" என்றார் சித்தி, அவர்களை எதிர்பார்க்காதவர்போல. நன்றாக நடித்தார்.

"ஐயோ, இங்கை வந்து தமிழ்ச்சனத்தைக் காணுவம் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார் அந்த அம்மா.

அவரும் நன்றாக நடிக்கிறார் என்று அம்மா நினைத்திருக்கவேண்டும். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நிமிர்ந்து இரு என்று அர்த்தம்.

சாப்பாட்டுப் பெட்டிகள் கைமாறின. அவர்கள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தார்கள். பிறகு அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஊரிலை நீங்கள் எவடம்?"

"நாங்கள் வடமராட்சி. நெல்லியடிக்குக் கிட்ட."

அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நெல்லியடியில் எந்தப் பக்கம், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. எங்களில் ஊரைக் கேட்பது ஊரை அறிவதற்கு இல்லை. எந்தச் சாதி என்று கேட்க வெட்கப்பட்டு எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெரு சரியாக வந்தது. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் ஏறியது.

மகனின் பெயரை யாரும் கேட்கவில்லை. தெரிந்த பெயரை ஏன் கேட்கவேண்டும்? தாய் அவரைச் செல்லமாக "அப்பன்" என்று கூப்பிட்டார். "அப்பன், இதைப் பிடி. அப்பன், அன்ரிக்குத் தண்ணி குடு." நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். விமலநாதனைக் காணவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று கேட்டால் விஷயத்தை வாய் திறந்து சொன்னதாகிவிடும். அதனால் அதையும் கேட்கவில்லை.

அப்பன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி என்ன செய்யிறீர்?"

படிக்கிறேன் என்று சொல்லச் சொல்லி அம்மா விமானத்திலேயே பாடமாக்கியிருந்தார்.

"இரவு வேலை. பிளேனுக்குச் சாப்பாடு அடுக்கிறது. படிப்பை விட்டிட்டன்" என்றேன்.

அம்மா றோல்ஸை வாயருகில் வைத்தபடி என்னை முறைத்தார். அப்பன் சிரித்தார்.

"நானும் விட்டனான்தான். இப்ப கொவென்ட்ரியிலை ஒரு பாக்டரியிலை நிக்கிறன். நைட் ஷிப்ட் எண்டால் கண் எரியும் என்ன?"

"ஓம். வேலை முடிஞ்சு வெளியிலை வரேக்கைதான் எரியும்."

"அதேதான்."

அவருடைய தகப்பன் தலையாட்டினார். "எந்த வேலையெண்டால் என்ன தம்பி? களவெடுக்காமல் இருந்தாச் சரி" என்றார்.

அம்மாவால் நம்ப முடியவில்லை. மாப்பிள்ளைக்கு லண்டனில் கணக்காளர் வேலை என்றுதான் விமலநாதன் சொல்லியிருந்தார். பேசிக்கொடுப்பவர்கள் கூட்டிச் சொல்வது வழக்கம் என்று அம்மா அதை உடனே மன்னித்துவிட்டார். என்னிடம் குனிந்து, "எவ்வளவு நல்ல சனம், பார்த்தியோ? சீதனக் கதை இல்லை, ஒரு நெளிப்பில்லை" என்றார். மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு நல்லவர்களாக இருந்து நான் கண்டதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவரை எனக்குப் பிடித்துவிட்டது. சம்பந்தம் சரிவந்துவிடப் போகிறதே என்று வீட்டு வாசல் பனியை நினைத்துக்கொண்டேன்.

"அப்பன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆலையைக் காட்டன். தண்ணியிலை சுத்துற சில்லு இருக்காம்" என்றார் தாய்.

சித்தி அம்மாவின் தொடையில் கிள்ளினார். இதைவிட நாகரிகமாகக் கேட்க முடியாது என்று அர்த்தம். அக்காவும் அவரும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் போனேன். அது என் வேலை.

அவர்கள் ஆலையைப் பற்றிப் பேசினார்கள். செம்மறி ரோமத்தால் இந்தப் பக்கத்தவர்கள் பணக்காரர் ஆனது பற்றி அவர் ஒரு பலகையை வாசித்துச் சொன்னார். அக்கா கார்டெறிப் பிள்ளைகள் பற்றிச் சொன்னாள். பனிக்காலத்தில் அத்தனை பேருக்கும் காற்சட்டை, சப்பாத்து, கையுறை போட்டு முடிக்கும்போது முதல் பிள்ளை மூத்திரம் வருகிறது என்று அழுமாம். அவர் சத்தமாகச் சிரித்தார். பாலத்தின் நடுவில் அக்கா நின்றாள். அவள் தோள் இறுகியது. கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் ஒண்டு கேக்கலாமோ? கலியாணம் கட்டினால் ஆம்பிளையும் பெம்பிளையின்ரை இடத்துக்குப் போகலாம்தானே? ஆள் மொன்றியல் மாதிரி ஒரு இடத்திலை இருந்தால் நீங்கள் போவீங்களோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கேள்வியில் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"ஏன் போகக்கூடாது? இங்கையும் பாக்டரி, அங்கையும் பாக்டரி. அவவுக்கு நல்ல வேலையெண்டால் நான்தானே போகவேணும். பிரெஞ்சு படிக்கவேண்டி வரும், அதுதான் சிக்கல்."

"படிக்கலாம். நான் படிச்சனான்" என்றாள் அக்கா.

"அப்பச் சரி" என்றார் அவர்.

அவ்வளவுதான். திரும்பி வரும்போது அக்காவின் நடை மாறியிருந்தது. இத்தனை வருடமாக அவளைப் பார்த்துப்போன எவரிடமும் கேட்க விடாத கேள்வி. கேட்டாள், பதில் வந்தது, வானம் இடிந்து விழவில்லை. விரிப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லமாகச் சொன்னாள்.

"எனக்கு ஓம் அம்மா."

அம்மாவின் கண் கலங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, புல்லின் தூசி என்றார்.

அவர்கள் புறப்படும் நேரம் வந்தது. கொவென்ட்ரி அம்மா, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு பழகிட்டம். நீங்கள் ஆவணியிலை இங்கை நிப்பீங்களோ? நிண்டால் கட்டாயம் கலியாணத்துக்கு வரவேணும்."

"ஆவணியிலையோ? அவ்வளவு கெதியாவோ?" என்றார் அம்மா.

"பின்னை? பொம்பிளைக்கு விசா வந்திட்டுது. யாழ்ப்பாணத்திலையிருந்து அடுத்த மாசம் வாறா. எங்கடை தயாபரனும் எவ்வளவு காலம்தான் பாத்துக்கொண்டிருக்கிறது?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"தயாபரன் ஆர்?" என்று சித்தி கேட்டார்.

"இவன்தான்" என்று அந்த அம்மா மகனின் முதுகைத் தட்டினார். "என்ரை பேர் இந்திராதேவி. கொவென்ட்ரியிலை ஆரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவினம்."

அம்மாவின் கை அவர் கைக்குள் அப்படியே இருந்தது. எடுக்கத் தெரியவில்லை. கடைசியில் அக்காதான் எழுந்தாள்.

"வாழ்த்துக்கள்" என்று தயாபரனிடம் சொன்னாள். "அவ வந்தவுடனை இங்கிலிஷ் வகுப்புக்கு விடுங்கோ. வீட்டுக்குள்ளை வைச்சிராதேங்கோ."

"ஓம், ஓம். தாங்ஸ்" என்றார் அவர். அவர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் விளங்கவில்லை. கையசைத்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப எங்கடை ஆக்கள் எங்கை?" என்றார் சித்தப்பா.

எங்கள் ஆட்கள் வாகனம் நிறுத்தும் இடத்தில் நின்றார்கள். நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒரு வானின் பக்கத்திலிருந்து கோட் போட்ட ஒருவர் வேகமாக வந்தார். அவர்தான் விமலநாதன்.

"தியாகலிங்கம் அண்ணையோ? இதென்ன வேலை? நாங்கள் கொஞ்சம் பிந்தி வந்தால், நீங்கள் வேறை பகுதியோடை இருந்து விருந்து சாப்பிடுறியள்! பொம்பிளையும் மாப்பிளையும் பாலத்திலை நிண்டு கதைக்கினம்! ஒரே நாளிலை ரெண்டு பகுதியையோ கூப்பிட்டனீங்கள்?"

"ஐயோ தம்பி, அவையள்தான் நீங்கள் எண்டு நினைச்சிட்டம்" என்றார் சித்தப்பா.

"எங்களுக்கும் அவையளுக்கும் வித்தியாசம் தெரியேல்லையோ?"

"எப்பிடித் தெரியும்? ஒருத்தரும் ஒண்டும் கேக்கக்கூடாது எண்டல்லோ சொன்னனீங்கள்!"

வானுக்குள்ளிருந்து ஒரு வயதான அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். இறங்கவில்லை. கிருபாகரன் வெளியே வானில் சாய்ந்து நின்றார். நல்ல சட்டை, துடைத்த சப்பாத்து. முன்தலையில் முடி போகத் தொடங்கியிருந்தது. அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம்.

அம்மா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நடந்ததை மறப்போம், திரும்பவும் போய் ஆற்றங்கரையில் இருப்போம், புரியாணி மிச்சம் இருக்கிறது என்றார். விமலநாதன் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் அக்கா அதற்குள் நடந்துபோய் கிருபாகரனுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"வணக்கம். நான் அஜந்தா."

அவர் நிமிர்ந்தார். "வணக்கம்."

"நீங்கள் மொன்றியலுக்கு வந்து இருப்பீங்களோ?"

"பிள்ளை!" என்று அம்மா கத்தினார். வான் கதவு திறந்தது.

கிருபாகரன் தாயின் பக்கம் திரும்பவில்லை. அதற்காக அவருக்கு ஒரு மரியாதை கொடுக்கவேண்டும்.

"நீங்கள் லண்டனுக்கு வரச் சம்மதம் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவை" என்றார்.

"நீங்கள் கனடாவுக்கு வருவீங்கள் எண்டு எங்களுக்குச் சொன்னவை."

இருவரும் விமலநாதனைப் பார்த்தார்கள். விமலநாதன் வான் சில்லைப் பார்த்தார்.

"நான் வரமாட்டன். வேலை இங்கை. அம்மாவை விட்டிட்டு வரேலாது. பொய் சொல்லி என்னத்துக்கு?" என்றார் கிருபாகரன்.

"நானும் வரமாட்டன். கேட்டவுடனை சொன்னதுக்கு நன்றி."

"இந்தளவு தூரம் வந்திருக்கிறியள், எனக்கு அந்தரமாக் கிடக்கு" என்றார் அவர்.

"பரவாயில்லை. வடிவான இடம்தானே. நீங்களும் ஒருக்கா ஆற்றங்கரையிலை நடந்து பாத்திட்டுப் போங்கோ."

சித்தி வானில் ஏறியதும் தொடங்கியவர் லண்டன் வரை நிறுத்தவில்லை. வாய்க்கு வந்த கேள்வியை ஒரு ஆம்பிளையின் முகத்துக்கு நேரே கேட்கிற பெண்ணை இனி எவன் கட்டுவான் என்றார். அம்மா பேசவில்லை. அது அதைவிட மோசம். அக்கா கடைசி இருக்கையில் என் பக்கத்தில் இருந்து வடை சாப்பிட்டாள். இரண்டாவது வடையோடு அழத் தொடங்கினாள். சத்தமில்லை. நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். எனக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாது. நான் நினைத்தபடிதான் எல்லாம் நடந்திருந்தது. சந்தோஷம் வரவில்லை.

"அந்த அப்பனோ?" என்று கேட்டேன்.

"சீ. ஆளைப் பற்றி ஆருக்குக் கவலை? அந்தப் பதிலை நினைச்சுத்தான்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடிச் சொல்லுற ஆம்பிளையளும் இருக்கினம் எண்டு தெரிஞ்சிட்டுதெல்லோ" என்றாள்.

மொன்றியலில் இறங்கியபோது பின்னேரம். அப்பா காரோடு வந்திருந்தார். பெட்டிகளை ஏற்றி, நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"என்ன மாதிரி?"

"உங்கடை மோளைக் கேளுங்கோ" என்றார் அம்மா.

"நேரை கேட்டன் அப்பா. இங்கை வரமாட்டன் எண்டார். நானும் அங்கை வரமாட்டன் எண்டிட்டன்."

அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நேரையோ கேட்டனீ?"

"ஓம்."

"அப்ப இனி வாறவையிட்டை ரெலிபோனிலையே கேள். உதுக்கு ஏன் கடல் தாண்டிப் போகவேணும்?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கிழமைக்கு மேலாக அப்பாவோடும் பேசவில்லை.

அக்கா அப்பா சொன்னபடியே செய்கிறாள். கடைசி என்று சொன்னதை அவளே மாற்றிக்கொண்டாள், ஆனால் யாருக்கும் தன்னைக் காட்டுவதில்லை. சம்பந்தம் வந்தால் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, தானே எடுத்து, பெயரைச் சொல்லி, கேள்வியைக் கேட்கிறாள். அனேகமானவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஒருவர் தாயிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். போன மாதம் மேற்குக் கனடாவின் எட்மண்டனிலிருந்து ஒருவர் யோசிக்க நேரம் கேட்டார். அம்மா அன்றைக்கே கோயிலுக்கு ஓடினார். எட்மண்டன்காரர் என்ன சொல்வார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"தெரியாது. யோசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கார்டெறிப் பிள்ளைகளுக்குக் கடதாசியில் முயல் வெட்டுவதைத் தொடர்ந்தாள்.